முகமாலையில் இருந்து, பஸ் ஓடும் தோழிக்கு

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பஸ் ஓடும் லைசென்ஸ் எடுத்துவிட்டாய் என்ற இடத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அந்தப் பெரிய பஸ்ஸையா, பனிக்குள்ளையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பின்னேரம் படலையில் நின்று அயல் முழுக்கச் சொல்லியும் விட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த பஸ் வரட்டும்" என்று ஏறாமல் நின்ற அந்த மனிதரைப் பற்றி எழுதியிருந்தாயே, அதுதான் மனதில் நின்றுவிட்டது. இங்கே எனக்கும் அதே கதைதான்.

நான் இன்னமும் மிதிவெடி எடுக்கும் வேலையில்தான் இருக்கிறேன். இப்போது செக்சன் லீடர். முகமாலை என்றால் உனக்குச் சமாதான காலத்துச் சோதனைச்சாவடிதான் ஞாபகம் வரும். பொதிகளோடு வரிசையில் நின்றோமே, 2006 ஆவணியில் பாதையைப் பூட்டினார்களே, அதே இடம். கிளாலியில் இருந்து நாகர்கோவில் வரை இரண்டு பக்கமும் மண்ணணைகள், அவற்றின் முன்னால் ஆமியும் புலிகளும் புதைத்த மிதிவெடிகள். செல் துண்டும் சன்னக் கோதும் மண்ணோடு கலந்து கிடப்பதால் உலோகம் தேடும் டிடெக்டர் பிடித்தால் ஓயாமல் கத்தும். அதனால் பல இடங்களில் மண் இழுக்கிற விறாண்டிதான். குந்தி இருந்து, முன்னால் உள்ள மண்ணைப் பக்கவாட்டில் மெல்ல மெல்ல இழுத்து எடுப்போம். மேலிருந்து அழுத்தம் பட்டால் வெடிக்கிற சாமான் அது. பக்கத்தால் போனால் முதலில் விளிம்பு தெரியும். தெரிந்ததும் என் அணியில் வேலை செய்கிற பெண்பிள்ளை விறாண்டியை வைத்துவிட்டு, வந்த வழியாலேயே பின்னுக்கு வந்து, "அக்கா, ஒண்டு" என்பாள். அந்தக் குரலில் நடுக்கம் இருக்காது. நான் மற்றவர்களை விலக்கிவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.

இப்போது என் வேலை எடுப்பதைவிடப் பார்ப்பதுதான். கவச உடுப்புக்குள்ளும் முகக்கவசத்துக்குள்ளும் வேர்த்து ஊற்றும்போது ஒரு பிள்ளையின் கை எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவு நுண்கடன்காரன் வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போயிருப்பான். அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள், ஆனால் கை அவசரப்படும். உடனே அவள் மிதிவெடி தேடுகிற ஒழுங்கையை விட்டு எழுப்பி, பதிவுப் புத்தகத்தையோ தண்ணீர்க் கானையோ அவளிடம் கொடுத்துவிடுவேன். சம்பளம் வெட்டவும் விடமாட்டேன். ஒரு கட்டளை இடுவதைவிட அதற்குத்தான் கூடத் துணிவு வேண்டும். மேலே இருப்பவர்கள் இன்று எத்தனை சதுர மீற்றர் முடிந்தது என்றுதான் கேட்பார்கள்.

லீடரானதும் நான் முதலில் கேட்டது கதவு பூட்டக்கூடிய மலசலகூடமும் உடுப்பு மாற்ற மறைப்பும்தான். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விசயம். மாதவிலக்கு நாளில் பாரமான கவசத்தோடு வெயிலில் குந்தி இருக்கிறவளுக்கு அப்படி இல்லை. முன்பு பாதிப் பேர் விடியத் தொடங்கி வீடு போகும்வரை தண்ணீரே குடிக்கமாட்டார்கள். இப்போது குடிக்கிறார்கள்.

என் அணியில் ஆண்களும் உண்டு. ஒருவர் என்னைவிட நன்றாக வயது கூடியவர். ஆரம்பத்தில் நான் ஒன்று சொன்னால் தூரத்தில் நிற்கும் ஆண் சுப்பவைசரைப் பார்ப்பார், அவர் தலையாட்டினால்தான் செய்வார். ஒருநாள் எல்லோரும் நிற்கும்போதே சொன்னேன்: "ஐயா, ஆபத்து எல்லை காட்டுகிற சிவப்புக் கம்புக்கு அங்கால் கால் வைக்கலாமா இல்லையா என்று இங்கே நான்தான் சொல்லுவன். நான் சொல்லுறதைக் கேக்க விருப்பமில்லையெண்டால் உங்களை நான் உள்ளே விடமாட்டன்." அன்றில் இருந்து ஒழுங்கைக்குள் என் சொல்லை மீறியதில்லை. தேத்தண்ணி நேரத்தில் இன்றைக்கும் என்னோடு கதைக்கமாட்டார். கதைக்காவிட்டால் போகட்டும், இரண்டு காலோடு அவர் வீட்டுக்குப் போனால் எனக்குப் போதும்.

வன்னிச் சனத்துக்குப் பெண் ஒருத்தி முன்னால் நிற்பது புதிதில்லை. புலிகள் இயக்கக் காலத்தில் நாங்கள் எல்லோரும் பார்த்ததுதான். போருக்குள் முல்லைத்தீவு அரசாங்க அதிபராக, மாவட்டத்துக்கே தலைமை அதிகாரியாக நின்றவர் இமெல்டா சுகுமார். பிறகு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ரூபவதி கேதீஸ்வரன் இருந்தார். ஆனால் 2009இல் போர் முடிந்த பிறகு, இயக்கத்தில் இருந்து புனர்வாழ்வு முடிந்து வீடு வந்த பெண்களை அயல் எப்படிப் பார்த்தது என்பதும் உனக்குத் தெரியும். மேலே கந்தோரில் ஒரு பெண் இருந்தால் எழும்பி நிற்கிறோம். பக்கத்து வளவுக்காரி கூட்டத்தில் எழும்பினால் இருத்திவிடுகிறோம்.

போன சிறுபோக நெல் விதைப்புக்கு முன்னம் நடந்ததைக் கேள். என் அணியில் ஒருத்தி, புருசன் 2009இல் காணாமல் போனவர், இரண்டு பிள்ளைகள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கதைக்கும் கூட்டத்துக்குப் போய்த் தன் பங்கைக் கேட்டிருக்கிறாள். "பிள்ளை, தம்பியாரை அனுப்பும், அவரோட கதைக்கிறம்" என்றார்களாம். அந்தத் தம்பி அவள் வளர்த்தெடுத்த பெடியன். அவனுக்கு வாய்க்கால் எந்தப் பக்கம் என்றே தெரியாது. அடுத்த நாள் விடிய வானில் இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். பிறகு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், ஆண்கள் தயங்கிய ஒரு பதுங்குகுழி ஓரத்தை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு வந்தாள். அவள் துப்புரவாக்கின காணியில் நாளைக்குத் தென்னை வைக்கிறவர்களில், அவளை இருக்கச் சொன்னவர்களின் சொந்தக்காரரும் இருப்பார்கள். இதை எப்படி நான் பொறுப்பது?

சட்டமும் இவ்வளவு காலம் அப்படித்தான் இருந்தது. அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணியில் வாரிசு பெயர் எழுதாமல் இறந்தால், பிள்ளைகளுக்குள் ஆண்பிள்ளைக்குத்தான் முதலுரிமை. 2022இல்தான் திருத்தினார்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கி நடந்த முதல் தேர்தல் 2018இல். அது நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்களுடைய பிழைப்பை முடிவு செய்கிற கமக்காரர் அமைப்பிலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் கோயில் பரிபாலன சபையிலும் கதிரை ஆண்களுக்குத்தான். தலைவி என்று ஒருத்தி இருந்தால் அது மாதர் சங்கத்தில்.

எனக்குப் பயம் எதில் தெரியுமா? இந்த வேலை ஒருநாள் முடியும், முடியத்தான் வேண்டும். இலங்கை 2017 மார்கழியில் மிதிவெடியைத் தடை செய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 ஆனிக்குள் துப்புரவாக்கி முடிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. 2025 தையில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது எங்கள் பிள்ளைகள் கலங்கிப்போனார்கள், காசு எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் இவர்களை மறுபடி தையல் மெசினுக்கும் கோழிக் கூட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். வாழ்வாதாரத் திட்டம் என்று வருகிறவர்கள் இதுவரை வேறு எதையும் கொண்டுவந்ததை நான் காணவில்லை. ஆபத்தைக் கணக்குப் போடவும், வரைபடம் பார்க்கவும், காயப்பட்டவனுக்கு முதலுதவி செய்யவும், ஆண்களை வழிநடத்தவும் தெரிந்த பெண்களுக்கு முட்டை விற்கிற வேலைதானா மிச்சம்? அந்த வேலைகளைக் கேவலமாகச் சொல்லவில்லை. இவ்வளவு பழகின கையை வீணாக விடக்கூடாது என்கிறேன்.

அதனால்தான் உன் கடிதம் எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது. எங்கள் பிள்ளைகளில் நாலைந்து பேருக்குக் கனரக வாகன லைசென்ஸ் எடுக்க விருப்பம். ஏ-9இல் பஸ் ஓடும் ஒரு பெண்ணையும் நான் இன்னும் காணவில்லை. ஜேசிபி ஓடப் பழகவும் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீ பழகினபோது என்னென்ன கேட்டார்கள், ஆண்களோடு ஒரே வகுப்பில் எப்படி நடத்தினார்கள், முதல் நாள் தனியாக ஓடினபோது எதற்குப் பயந்தாய், நடுவழியில் மலசலகூடத்துக்கு என்ன செய்கிறாய் எல்லாவற்றையும் விபரமாக எழுது. தேத்தண்ணி நேரத்தில் அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பஸ்ஸுக்கு முன்னால் நிற்கிற உன் படமும் ஒன்று வேண்டும், சீருடையோடு.

சிறுபோகக் கூட்டம் அடுத்த முறை வரும்போது அவளோடு நானும் போகிறேன். எங்கள் செக்சன் பெண்கள் எல்லோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பள்ளித் தோழி
கிளிநொச்சி