டல்லாஸைக் குறை சொல்லாதே தம்பி

அன்புத் தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் நம் பாஸ்கெட்பால் ஆட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது நீ சொன்னாய்: "2011 ஃபைனல்ஸை வச்சு லெப்ரானைப் பேசாதீங்கண்ணா. டல்லாஸ் நல்லா ஆடினாங்க, அவ்வளவுதான்." அமெரிக்க என்.பி.ஏ. பாஸ்கெட்பால் இறுதித் தொடரில் லெப்ரான் ஜேம்ஸின் மயாமி அணி டல்லாஸ் அணியிடம் தோற்ற வருஷம் அது. நான் வாயெடுப்பதற்குள் உன் பஸ் வந்துவிட்டது. நாலு நாளாக அது மனசுக்குள் ஓடுகிறது. எழுதிவிடுகிறேன்.

டல்லாஸ் நன்றாக ஆடியது, சரி. அவர்களின் நோவிட்ஸ்கி காய்ச்சலோடு வந்து நான்காவது ஆட்டத்தில் 21 பாயின்ட் எடுத்தார். ஆளுக்கு ஆள் பிடிக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காக்கும் ஜோன் டிஃபன்ஸும் போட்டார்கள். ஆனால் அதே டிஃபன்ஸை எதிர்த்து மயாமியின் வேட் ஆட்டத்துக்குச் சராசரியாக 26.5 பாயின்ட் எடுத்தாரே! லெப்ரான் 17.8தான். அந்த நான்காவது ஆட்டத்தில் வெறும் 8, கடைசி குவார்ட்டரில் ஒன்றுகூட இல்லை. மயாமி தோற்றது 3 பாயின்ட்டில்.

அன்று காலை ஆறரைக்குக் கொடுங்கையூர் வீட்டில், எல்லாரும் தூங்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். பந்து கைக்கு வரும், உடனே பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவார், ஓரமாகப் போய் நின்றுகொள்வார். ஆறடி எட்டு அங்குல ஆள்! அந்தத் தொடரில் டல்லாஸின் குட்டி ஆளான பரேயா எதிரே வந்து நின்றபோதுகூட, முதுகைக் கொடுத்து உள்ளே தள்ளிக்கொண்டு போகவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் டிரிபிள் டபுள், அதாவது மூன்று கணக்கில் இரட்டை இலக்கம், எடுத்தாரே என்பாய். எடுத்தார், ஆனால் கடைசி குவார்ட்டரில் 2 பாயின்ட்தான்.

டல்லாஸ்தான் காரணம் என்று அவரே நினைத்திருந்தால், அந்தக் கோடையில் ஹூஸ்டனுக்குப் போய் பழைய ஜாம்பவான் ஒலாஜுவானிடம், கூடைக்குப் பக்கத்தில் முதுகு கொடுத்து ஆடும் போஸ்ட் ஆட்டம் கற்றுக்கொண்டிருப்பாரா? அடுத்த வருஷம் பாஸ்டனில், தோற்றால் வீட்டுக்கு என்ற ஆட்டத்தில் 45 பாயின்ட்; கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் 15. அப்புறம் இறுதித் தொடரில் ஓக்லஹோமாவை 4-1 என்று அடித்துக் கோப்பை. எனக்கு லெப்ரான் உயிர் என்பது உனக்கே தெரியும். அந்த 2011-ஐ மறைத்துவிட்டால் இந்த 2012-க்கு என்னடா மதிப்பு?

தோற்ற தொடரையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டவும் மாட்டேன். 2015-இல் அவர் கிளீவ்லேண்டுக்கு ஆடியபோது, கூட ஆடிய லவ் தோள் போய் உட்கார்ந்துவிட்டார், இறுதித் தொடரின் முதல் ஆட்டத்திலேயே இன்னொரு கூட்டாளி இர்விங்குக்கு முட்டி உடைந்தது. லெப்ரான் ஒற்றை ஆளாகச் சராசரி 35.8 பாயின்ட், 13.3 ரீபவுண்ட் எடுத்துத் தோற்றார். அந்தத் தோல்வியை அவர் தலையில் எவன் வைத்தாலும் உன்னோடு சேர்ந்து நானும் சண்டைக்கு வருவேன்.

இன்னொன்று. ஞாயிறு கடைசி இரண்டு நிமிஷம் நீயும் ஓரத்தில் நின்றாய். பந்து இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் தள்ளிவிட்டாய். உன்னைப் பிடித்தவன் உன் தோள் உயரம்கூட இல்லை. இந்த வாரம் ஆறு மணிக்கே வா, மற்றவர்கள் வருமுன் போர்டுக்குக் கீழே முதுகு கொடுத்து ஆடிப் பழகலாம். எதிரே நான் நிற்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்