வயலின் இலை அத்தியைத் தரையில் நடும் முன்

நர்சரி உரிமையாளர்களுக்கும் நகராட்சி, மாநகராட்சிப் பூங்காப் பிரிவினருக்கும்,

வணக்கம். நீங்கள் ‘ஃபிடில் லீஃப்’ என்று விற்கும், வாங்கும் செடியைப் பற்றியது இந்த மடல். தாவரவியல் பெயர் ஃபைக்கஸ் லைராட்டா. ஊர் மேற்கு ஆப்பிரிக்காவின் தாழ்நில மழைக்காடு. வரவேற்பறைத் தொட்டியில் ஆளுயரம் நிற்பது தரையில் வைத்தால் 12 மீட்டருக்கு மேல் போகும். சொந்தக் காட்டில் அது இன்னொரு மரத்தின் கவட்டில் முளைத்து வேரை இறக்கி, தாங்கிய மரத்தையே நெருக்கக்கூடியது. பனைமேல் ஆல் முளைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொட்டிச்செடியாக இருக்கும்வரை எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அதைச் சாலையோரத்திலும் குடியிருப்பு வளாகத்திலும் நிழல்மரமாக வரிசையாக நடுவதுதான் கவலை.

“காய் விழுகிறது, ஒன்றும் முளைப்பதில்லையே” என்பீர்கள். முளைக்காததற்குக் காரணம் ஒரு பூச்சி இங்கே இல்லாததுதான். அத்தி இனம் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனக்கென ஒரு குளவி உண்டு. நீளம் 1 முதல் 2 மில்லிமீட்டர். காய்க்குள் நுழைந்து மகரந்தம் சேர்ப்பது அது மட்டுமே. ஆல், அரச மரங்களின் குளவிகள் சாதாரணமாக இந்த மரத்தைச் சீண்டுவதில்லை. தன் குளவி இல்லாத ஊரில் மரம் காய்க்கும். காய்க்குள் முளைக்கும் விதை இராது.

குளவி வந்து சேர்ந்த ஊர்களின் கதை வேறு. கலிபோர்னியாவில் சீமை அத்தியின் ஸ்மிர்னா வகை காய்க்க வேண்டும் என்று 1899இல் குளவியைக் கொண்டுவந்து நிலைபெறச் செய்தார்கள். இன்று அங்கே ஆற்றங்கரைக் காடுகளில் சீமை அத்தி ஒரு களை. ஹவாயில் 1920களிலும் 30களிலும் காடு வளர்ப்பதற்கென்றே அயல் அத்திகளின் குளவிகளை விட்டார்கள். அப்படிப் பரவியவற்றில் ஒன்று நம் இச்சி மரம். பந்துபந்தாக வெட்டி ‘ஃபைக்கஸ் பாண்டா’ என்று நீங்கள் விற்பதும் அதன் வகைதான். ஃபுளோரிடாவிலும் அது சுவர், பாலம், பனை என்று எங்கும் முளைக்கிறது. நம்மூரில் யாருக்கும் தொந்தரவு இல்லாத மரம்!

வாய்ப்பு எவ்வளவு என்றால், குறைவுதான். வளர்ந்த குளவி ஓரிரு நாள்தான் உயிரோடிருக்கும். நமீபியப் பாலைவனத்தில் வேறொரு ஆப்பிரிக்க அத்தியின் குளவி காற்றோடு 160 கிலோமீட்டர் வரை மகரந்தம் கொண்டுபோனது பதிவாகியிருக்கிறது. அதற்காகக் கடலைத் தாண்டிவிடாது. வந்தால் பெரும்பாலும் காயோடு இறக்குமதியாகும் பெரிய மரத்தில்தான் வரும். ஆகவே ஆய்வகத்தில் வளர்த்த, காயில்லாத திசு வளர்ப்புக் கன்று வாங்குங்கள். வளர்ந்த மரம்தான் வேண்டுமென்றால், ஏற்றும் முன்பே கடுகளவு பிஞ்சுகூட விடாமல் கிள்ளச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஏற்கெனவே தரையில் நிற்கும் மரங்களுக்குக் காய்ச் சோதனை போதும். மரத்துக்குப் பத்து காய், முற்றியதாகப் பார்த்துப் பறியுங்கள். கீழே விழுந்ததை எடுக்க வேண்டாம், எறும்பு குடைந்த ஓட்டை குழப்பும். கூரிய பிளேடால் நுனித்துளை வழியாக நெடுக்காகப் பிளந்து, 10 மடங்கு லென்ஸில் முதலில் அந்தத் துளையைப் பாருங்கள். உள்ளே நுழையும் பெண் குளவியின் இறக்கை செதில்களுக்கிடையில் பிய்ந்து மாட்டிக்கொள்ளும். கண்ணாடித்தாள் துணுக்கு மாதிரி ஒன்று தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு சதையைக் கரண்டியால் வழித்துத் தண்ணீரில் கரையுங்கள்: முற்றிய விதை மூழ்கும், பொக்கு மிதக்கும். மூழ்கியதை ஈர மையொற்றுத்தாளில் பரப்பி, கண்ணாடி மூடியிட்டு, வெளிச்சத்தில் நான்கு வாரம் வையுங்கள். இருட்டில் வைத்துவிட்டு “முளைக்கவில்லை” என்று எழுதக்கூடாது. அத்தி விதைக்கு வெளிச்சம் வேண்டும்.

காய்க்குள் பூச்சி இருந்த உடனே பதறவும் வேண்டாம். மகரந்தம் சேர்க்காத குளவிகளும் உண்டு. இஸ்ரேலில் சிக்கமோர் அத்திக்குள் அப்படி ஒரு குளவி கூட்டமாக வாழ்கிறது, விதை ஒன்றுகூட உண்டாவதில்லை. முடிவைச் சொல்ல வேண்டியது விதைதான். பூச்சியை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, மரம், இடம், தேதி எழுதிய சீட்டோடு பூச்சியியல் துறைக்கு அனுப்புங்கள். மீதிக் காய்களை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்த பிறகே கழியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

ஒரு விதை முளைத்தாலும் அந்த வட்டாரத்து மரங்களில் காய் விடாமல் கிள்ளிவிட்டு, கைப்பிடிச் சுவர், மழைநீர்க் குழாய் வாய், ஏசி தண்ணீர் சொட்டும் இடம், பனை மட்டை இடுக்கு எல்லாவற்றையும் தேடுங்கள். வௌவாலும் குயிலும் விதைப்பது அங்கேதான். சாண் உயரத்துக்குள் வேரோடு பிடுங்கிவிடலாம். விட்டால் செங்கல்லைப் பெயர்க்காமல் எடுக்க முடியாது, மேலே வெட்டினால் துளிர்க்கும்.

கோனோகார்ப்பஸ் மரமும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். சாலை சாலையாக வைத்த பிறகு, 2025இல் தமிழ்நாடு அரசு அதை நடவும் விற்கவும் தடை விதித்தது. பிடுங்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்பது பூங்காப் பிரிவினருக்குத் தெரியும். நாங்கள் கேட்பது இரண்டு: அடுத்த நடவுப் பட்டியலில் லைராட்டாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புங்கையோ பூவரசோ புன்னையோ எழுதுங்கள், ஏற்கெனவே வைத்த மரங்களை எண்ணி, இடம் குறித்து, ஆண்டுக்கு இருமுறை காய் பிளந்து பாருங்கள்.

இப்படிக்கு,
நகர மரங்களைக் கவனித்துவரும் தாவர ஆர்வலர்கள்