ஏணியில கருவண்டு

பாப்பா,

போன ஞாயித்துக்கிழமை நான் பேசுனது கொஞ்சம் ஓவர்தான். பெல்ஃபாஸ்ட் போனதும் ஆளே மாறிட்ட, யார்கூடயும் ஒட்ட மாட்டேங்குறன்னு சொன்னேன், நீ "சரிம்மா வேலை இருக்கு"ன்னு வச்சிட்ட. போன்ல பேசுனா மறுபடி சண்டை வரும், அதான் டைப் பண்றேன்.

கொல்லையில சாத்தி வச்சிருக்க மூங்கில் ஏணி ஞாபகம் இருக்கா, அதுக்கு அடியில தினமும் மஞ்சளா தூள் கொட்டிக் கிடக்கு. ஏணி உளுத்துப் போச்சுன்னு உங்க அப்பா மண்ணெண்ணெயோட வந்துட்டாரு. கிட்டப்போய் பார்த்தா சுண்டுவிரல் நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை, காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி வட்டம், உள்ளேருந்து கருவண்டு ஒண்ணு தூளைத் தள்ளிக்கிட்டே பின்பக்கமா வருது. வண்டுன்னு சொல்றோம், ஆனா அதுவும் தேனீ ஜாதிதான். உலகத்துல தேனீ இனம் 20,000-க்கு மேல இருக்கு, அதுல ராணி வேலைக்காரின்னு கூட்டமா வாழுறது கொஞ்சம்தான், மத்ததெல்லாம் தனியா கூடு கட்டி தனியா குஞ்சு வளர்க்குற ரகம். இத்தனை வருஷம் விலங்கியல் நடத்துன எனக்கு இது அன்னிக்கு உன்கிட்ட பேசும்போது ஞாபகம் வரல பாரு.

அப்பறம் உக்காந்து படிச்சேன். உங்க ஊர்ப் பக்கமே ஒரு தேனீ இருக்கு, ஹாலிக்டஸ் ரூபிகண்டஸ்னு பேரு, வேர்வைத் தேனீ வகை, மண்ணுல வளை தோண்டும். தெற்கு இங்கிலாந்துல வெயில் காலம் நீளம், அதனால அம்மா மொதல்ல பெத்த பொண்ணுங்கள்ல பலது அங்கேயே தங்கி அடுத்த ஈட்டை, அதாவது அடுத்த தடவை பொறக்குற குஞ்சுங்களை, வளர்க்க உதவும், அப்போ அது கூட்டுக்குடும்பம். உங்க பெல்ஃபாஸ்ட் இருக்குற வட அயர்லாந்துல கோடை சின்னது, ஒரு ஈடு வளர்க்கத்தான் நேரம், பொண்ணுங்க இணை சேர்ந்து குளிருக்கு ஒளிஞ்சிக்கும், அடுத்த வருஷம் தனித்தனியா குடித்தனம். ஜெரமி ஃபீல்டுன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் வடக்குத் தேனீயைக் கொண்டுபோய் தெற்குல விட்டுப் பார்த்தாங்க, 2010-ல வந்துச்சு அந்த ஆராய்ச்சி. தனியாவே இருந்த பரம்பரை, அங்க போனதும் சில கூடுல பொண்ணுங்க அம்மாவுக்கு உதவ ஆரம்பிச்சிருச்சு! அதே தேனீதான், காலநிலை மட்டும்தான் வேற.

பொண்ணு ஏன் தன் குஞ்சை விட்டுட்டு தங்கச்சியை வளர்க்கணும்னு நீ கேப்ப. ஆண் தேனீ கருவுறாத முட்டையிலேருந்து வர்றது, அதுக்கு அப்பா கிடையாது, ஆனா தாத்தா உண்டு (பசங்க இந்த இடத்துல எப்பவும் சிரிப்பாங்க). அதனால ஆணுக்கு ஜீன் ஒரு செட்தான், அது அப்படியே அது பெத்த எல்லாப் பொண்ணுக்கும் போகும், ஒரே அப்பான்னா அக்கா தங்கச்சிக்குள்ள முக்கால் பங்கு ஒத்துப்போகும், சொந்தப் புள்ளையோட பாதிதான். ஹாமில்டன்னு ஒரு பரிணாம ஆராய்ச்சியாளர் 1964-ல போட்ட கணக்கு. அந்த முக்கால் மட்டுமே காரணம்னு இப்ப யாரும் சொல்றதில்ல, கூடப்பொறந்த ஆண் தேனீயோட கால் பங்குதானே, அதோட நம்ம தேன்கூட்டு ராணி பத்துப் பதினஞ்சு ஆணோட சேரும், அங்க முக்கால் எங்க நிக்கும்?

ஆனா எல்லாமே காலநிலைன்னும் சொல்லிற முடியாது. பிரான்ஸ்ல லாசியோகிளாசம் அல்பிபெஸ்னு ஒண்ணு இருக்கு, வோஜ் மலைப்பக்கம் இருக்குறது தனிக்கட்டை, தென்மேற்குல இருக்குறது கூட்டம். ரெண்டையும் லேப்ல ஒரே மாதிரி வளர்த்தாலும் அதது அதது பழக்கத்தை விடல. சாரா கோச்சர் குழு 2018-ல ரெண்டோட ஜீனோமையும் (மொத்த ஜீன் தொகுப்பு) ஒப்பிட்டப்போ சின்டாக்சின் 1ஏ-ங்குற ஜீன்கிட்ட வித்தியாசம் தெரிஞ்சிருக்கு, நரம்பு செல் சேதி கடத்த உதவுற ஜீன் அது.

நீ அயர்லாந்து ரகமா பிரான்ஸ் ரகமான்னு எனக்குத் தெரியல. சின்னதுல பர்த்டே பார்ட்டியில பீரோ பின்னாடி ஒளிஞ்சவதான் நீ, அதையும் சொல்லணும்ல.

ஏணியை அப்பா தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன், பரண்ல ஏற பக்கத்து வீட்டு ஏணி வாங்கிக்கிறாரு. ஏப்ரல்ல வெயில் வந்தா வெறும் மண்ணு இருக்குற இடமா பாரு, பென்சில் மொத்தத்துல ஓட்டையும் சுத்தி மண்ணும் குவிஞ்சிருந்தா போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன், கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன்.

அம்மா