அப்பாவின் இரத்தத்தில் இருந்த கிருமியைத் தேடிப் பிடித்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் பல்கனியில் இருந்து பேப்பர் வாசிக்கிறார், சீனி இல்லாத தேத்தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். விசாரித்து கோல் எடுத்தவர்களுக்கும் மெசேஜ் போட்டவர்களுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை, மன்னிக்க வேண்டும். இந்த மடல் உங்களுக்குத்தான். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பார்க்க வருகிற எல்லாரும் கடவுள் காப்பாற்றினார் என்கிறார்கள், நல்ல டொக்டர்மார் கிடைத்தார்கள் என்கிறார்கள், இரண்டும் உண்மைதான். ஆனால் அப்பாவின் முகத்தையே பார்க்காத சிலரும் அவரைக் காப்பாற்றினார்கள். அவர்கள் செய்தது என்ன என்று வெளியில் யாருக்கும் தெரியாது, யாரும் அவர்களுக்கு நன்றி சொல்வதும் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

நடந்தது சுருக்கமாக இதுதான். அப்பாவுக்குப் பல வருடமாக நீரிழிவு, இடது சிறுநீரகத்தில் கல். அதற்காக முன்பும் வார்டில் இருந்து அன்டிபயோட்டிக் ஏற்றியவர். இந்த முறை கல் கீழே இறங்கிக் குழாயை அடைத்துவிட்டது, தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி இரத்தத்துக்குள் ஏறிவிட்டது. நடுக்கத்தோடு காய்ச்சல். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கட்டில் ஆடியது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது பிரஷர் விழுந்து, பெயரைக் கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நன்றி அன்று இரவு கடமையில் இருந்த இளம் டொக்டருக்கு. அப்பாவைக் கட்டிலில் ஏற்றியதும் இரண்டு கைகளிலும் தனித்தனியாகக் குத்தி இரத்தம் எடுத்து, இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற பிளட் கல்ச்சர் போத்தல்களில் விட்டார். அன்டிபயோட்டிக் அதற்குப் பிறகுதான். ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர், ஒரு கைக்கு இரண்டு போத்தல், எல்லாம் சேர்த்து 40 மில்லிலீற்றருக்குக் கிட்ட வரும். பக்கத்தில் நின்ற சித்திக்குப் பொறுக்கவில்லை. "ஏற்கெனவே ஒண்டும் இல்லாமல் கிடக்கிற மனுசனிட்ட இவ்வளவு இரத்தத்தையும் எடுக்கிறியளே பிள்ளை, முதல்ல ஊசியைப் போடுங்கோ" என்று சண்டைக்கே போய்விட்டா. அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. தோலில் பூசிய மருந்து காயும்வரை காத்திருந்தபடியே, "அம்மா, ஊசி இந்தா ரெடி, அஞ்சு நிமிசம்தான். போட்ட பிறகு எடுத்தா கிருமி பிடிபடாமல் போயிடும், பிடிபடாட்டி எந்த மருந்து கேக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாது" என்றார். போத்தல் மூடிகளைக்கூட ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் குத்தினார்.

இதன் பெறுமதி எனக்குப் பிறகுதான் விளங்கியது. இவ்வளவு கடுமையான வருத்தத்திலும் பெரியவர்களின் இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு ஒன்றிரண்டு கிருமிதான் இருக்குமாம், பல பேருக்கு அதுகூட இருக்காதாம். அவசரத்தில் ஒரு சொட்டு எடுத்து அனுப்பினால் ஒன்றும் வளராது, ரிப்போர்ட் சுத்தமாக வரும், நோயாளி மோசமாகிக்கொண்டே போவார். இரண்டு இடத்தில் எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. தோலில் சும்மா கிடக்கும் கிருமி ஊசியோடு போத்தலுக்குள் போய் ஆட்களைக் குழப்புவதுண்டு, இரண்டு பக்கமும் ஒரே கிருமி வளர்ந்தால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் போய்விடும். வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் அன்டிபயோட்டிக்கும் ஏறிவிட்டது, அப்பாவின் வார்டுப் பதிவான டிக்கெட்டில் நேரம் எழுதியிருந்ததைப் பார்த்தேன். முந்தைய சிறுநீர் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் பார்த்து, சாதாரண மருந்துகள் இவருக்குக் கேட்காது என்று மெரோபெனம் என்ற வலுவான அன்டிபயோட்டிக்கில் தொடங்கினார்கள்.

அடுத்தது ஸ்கான் அறையில் இருந்தவர்களுக்கும் யூரோலஜி டீமுக்கும். விடிவதற்குள் முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு குழாயை விட்டு, தேங்கியிருந்ததை வெளியே எடுத்தார்கள். பையில் இறங்கியது சிறுநீர் இல்லை, சீழ். இதை அப்படியே விட்டுவிட்டு எந்த மருந்தை ஏற்றியும் பிரயோசனம் இல்லை என்று அந்த சேர் எங்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போனார். கல்லை எடுப்பது பிறகு ஆறுதலாக நடந்தது.

இனி லாப். மறுநாள் பகல் முழுக்க அப்பாவின் போத்தல்கள் அங்கே மெஷினுக்குள் 35 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் இருந்திருக்கின்றன. உள்ளே கிருமி பெருகினால் காபனீரொட்சைட்டு வெளிவரும், மெஷின் அதைப் பிடித்துச் சத்தம் போடும். ஒன்றும் வளராவிட்டால் 5 நாள் வரை வைத்துப் பார்ப்பார்களாம். அப்பாவின் போத்தல்கள் அன்று நடுச்சாமமே சத்தம் போட்டன, இரண்டு கையில் எடுத்ததும். கடமையில் இருந்த தொழில்நுட்பவியலாளர் காலையில் பார்க்கலாம் என்று விட்டிருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை. அவர் உடனே ஒரு துளியைக் கண்ணாடியில் பூசி, கிராம் சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்து, சிவப்புக் குச்சிகளாக இருக்கின்றன என்று வார்டுக்கு கோல் எடுத்துச் சொன்னார். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க்காரர் 1884இல் வெளியிட்ட முறை அது, சில நிமிட வேலை, இன்றைக்கும் போத்தலில் இருப்பது எந்த வகைக் கிருமி என்று முதலில் சொல்வது அதுதான். அதோடும் அவர் நிற்கவில்லை. போத்தலில் இருந்தே நேரடியாக எடுத்துக் கிருமி வளர்க்கிற தட்டில் பரப்பி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க மருந்து தோய்ந்த சிறு வில்லைகளையும் வைத்துவிட்டார். வழமையான ஒழுங்கில் ஒரு நாள் கிருமியை வளர்த்து எடுத்து, அடுத்த நாள் வில்லை வைத்து, அதற்கும் அடுத்த நாள் வாசிப்பார்கள். அவர் மிச்சம் பிடித்துத் தந்த அந்த ஒரு நாள் அப்பாவிடம் இருக்கவில்லை. அண்ணா, உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. வார்டில் கேட்டபோது "லாப்ல நைட் ஆள்" என்றுதான் சொன்னார்கள். இதை யாராவது உங்களிடம் காட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

காலையில் நுண்ணுயிரியல் விசேட வைத்திய நிபுணர் தானே ஐ.சி.யு.வுக்கு வந்துவிட்டார். சீழை எடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை, பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிற நோராட்ரெனலின் அளவைக் கூட்டிக்கொண்டே இருந்தார்கள். மேடம் ஃபோனில் தட்டின் படத்தைப் பெரிதாக்கி எனக்கும் காட்டினார். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் ஒன்று விழும். மெரோபெனம் வில்லையைச் சுற்றி வட்டம் இல்லை, வில்லையின் விளிம்பு வரை கிருமி மங்கல் சாம்பல் நிறத்தில் படர்ந்து வந்து முட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் நம்பிக்கொண்டிருந்த மருந்து அது. கிருமியின் பெயர் க்ளெப்சியெல்லா நிமோனியே, மெரோபெனம் சேர்ந்த கார்பபெனம் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாதது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆபத்தான கிருமிகளின் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது இதே கிருமிதான் என்று அன்றிரவு ஐ.சி.யு. வாசலில் இருந்து ஃபோனில் வாசித்தேன். 2019இல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் நேரடியாக 12.7 இலட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்ட ஆய்வையும் வாசித்தேன், அதற்கு மேல் வாசிக்கவில்லை.

அன்றே கொலிஸ்டினைத் தொடங்கினார்கள். பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970களில் பெரும்பாலும் கைவிட்டார்கள், வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு சிறுநீரகம் சீழ் பிடித்துக் கிடக்கிற மனிதருக்கு அதை ஏற்ற மேடத்துக்கு மனமில்லை, ஆனால் ஏற்றாமலும் இருக்க முடியாது. அதை எங்களிடம் மறைக்காமல் சொன்னார், அந்த நேர்மைக்குத் தனியாக ஒரு நன்றி. சொல்லிவிட்டு லாபுக்குப் போய் இன்னொன்று செய்யச் சொன்னார். இந்தக் கிருமி மெரோபெனத்தை எப்படி உடைக்கிறது, எந்த நொதியால் உடைக்கிறது என்று பார்க்கிற பட்டி ஒன்று இருக்கிறது, கர்ப்பம் பார்க்கிற பட்டி மாதிரியே கோடு விழும், 15 நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒக்ஸா-48 வகைக்கு நேரே கோடு விழுந்தது. அந்த வகை என்றால் செஃப்டாசிடைம்-அவிபாக்டம் என்ற புதிய மருந்து வேலை செய்ய இடமிருக்கிறது. என்.டி.எம். வகையாக இருந்திருந்தால் அந்த மருந்து தனியாக ஒன்றும் செய்யாது, அஸ்ட்ரியோனம் என்ற இன்னொன்றையும் சேர்த்து ஏற்ற வேண்டும். இரண்டு கிருமிக்கும் பெயர் ஒன்றுதான், மெரோபெனத்துக்கு இரண்டும் மசியாது, ஆனால் மருந்து வேறு. ரிப்போர்ட்டில் "கட்டுப்படாது" என்று எழுதி அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று மேடம் நினைக்கவில்லை, எதற்குக் கட்டுப்படும் என்று தேடினார். அந்த வில்லையையும் வைத்துப் பார்த்தார்கள். அதைச் சுற்றி வட்டம் விழுந்திருந்தது. அந்தப் படத்தை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

மருந்து வார்டில் இல்லை. வைத்தியசாலை மருந்தாளர் தன் மதிய சாப்பாட்டையும் விட்டுவிட்டு மற்ற வைத்தியசாலைகளுக்கு ஒவ்வொன்றாக கோல் எடுத்து, முதல் நாளுக்குத் தேவையானதைக் கடனாகக் கேட்டு வாங்கினார். மிச்சத்துக்கு மச்சானும் அவனுடைய ஒபிஸ் நண்பர்களும் கொள்ளுப்பிட்டியில் இருந்து கொட்டாஞ்சேனை வரை பாமசி பாமசியாக ஏறி இறங்கினார்கள். காசு அனுப்பிய ரொறன்ரோ பெரியப்பா குடும்பத்துக்கும், சொல்லாமலே எக்கவுண்டில் போட்டுவிட்ட பள்ளி நண்பர்களுக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முழு அளவு என்றால் 8 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 2.5 கிராம், ஒவ்வொரு தடவையும் 2 மணித்தியாலம் மெதுவாக ஏற வேண்டும், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்துப் பார்த்து அளவை மாற்ற வேண்டும். அந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் அதே மருந்தாளர்தான் வந்து சரிபார்த்தார். இந்த மருந்து ஏறத் தொடங்கிக் கொஞ்ச நாளில் நோராட்ரெனலினை நிறுத்தினார்கள், அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்ப எடுத்த கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை.

தாதியர் மிஸ்மாருக்கும் சிற்றூழியர்களுக்கும் ஒரு பந்தி போதாது. இந்தக் கிருமி பறந்து வருவதில்லை, பெரும்பாலும் கை வழியாகத்தான் ஒரு கட்டிலில் இருந்து அடுத்ததற்குப் போகிறது. தொற்றுக் கட்டுப்பாட்டு மிஸ் அப்பாவைத் தனி அறைக்கு மாற்றி, வாசலில் கவுனும் கையுறையும் வைத்து, உள்ளே போகும்போதும் வரும்போதும் கையை எப்படித் தேய்க்க வேண்டும், பெருவிரலை எப்படித் தனியாகப் பிடித்துத் தேய்க்க வேண்டும் என்று எங்களுக்குச் செய்து காட்டினார். எங்கள் உறவுக்காரர் ஒருவர் கை தேய்க்காமல் உள்ளே போகப் பார்த்தபோது சத்தம் போட்டே நிறுத்தினார், மிகச் சரி. கட்டில் கம்பி, சேலைன் ஸ்டாண்ட், கதவுப் பிடி எல்லாவற்றையும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் துடைத்த அக்காவுக்கு, அவருடைய வேலையால்தான் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு இது போகவில்லை என்று யாராவது சொன்னார்களா தெரியாது. நான் சொல்கிறேன் அக்கா. அந்தப் பக்கத்துக் கட்டில் குடும்பங்களுக்கும் நன்றி. உங்கள் ஆட்களுக்கும் பரிசோதனை எடுத்தபோது நீங்கள் எங்களை முகம் சுளித்துப் பார்க்கவில்லை, அப்பாவைப் பற்றித்தான் விசாரித்தீர்கள்.

கடைசியாக, மருந்தை நேரத்துக்கு நிறுத்தியதற்கும் நன்றி சொல்ல வேண்டும். எங்களுக்குப் பயம், இன்னும் கொஞ்ச நாள் ஏற்றுங்கோ என்று கெஞ்சினோம். மேடம் பொறுமையாக இருந்து விளக்கினார். இரத்தத்தில் கிருமி இருந்தவர்களுக்கு 7 நாள் மருந்தும் 14 நாள் மருந்தும் கொடுத்து 3600க்கு மேற்பட்டவர்களில் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2024இல் வந்தது, 7 நாள் கொடுத்தவர்கள் எந்த விதத்திலும் மோசமாகப் போகவில்லை. எல்லா வகை நோயாளிக்கும் அப்படியே பொருத்த முடியாது, அப்பாவுக்குச் சரியான மருந்து தொடங்கிய நாளில் இருந்துதான் கணக்கு, ஆனால் அடைப்பு போய், காய்ச்சல் போய், கல்ச்சரும் சுத்தமான பிறகு நீட்டினால் நன்மை இல்லை, மிஞ்சி இருக்கிற கிருமிகளுக்கு இந்தக் கடைசி மருந்தையும் பழக்கிவிடுவதாகத்தான் முடியும் என்றார். சொன்ன நாளில் நிறுத்தினார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற அன்டிபயோட்டிக் குளிசையைப் போட்டுக்கொண்டு பார்த்திருக்காதீர்கள், நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். இரத்தம் கொஞ்சம் அதிகமாக எடுத்தால் எடுக்க விடுங்கள். சித்தியே இப்போது எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறா.

இந்தக் கிருமி அப்பாவின் குடலில் இன்னும் சில மாதம் சும்மா இருக்கக்கூடும், அப்படி இருக்கும்வரை அதற்கு மருந்து தேவையில்லை, ஆனால் எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டும் என்றிருக்கிறார்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறோம். யார் யார் உதவினார்கள் என்று அப்பா இப்போது பெயர் பெயராகக் கேட்கிறார், பலருடைய பெயர் எங்களிடம் இல்லை. இதில் இருப்பது உங்களைப் பற்றித்தான் என்று தெரிந்தால் ஒரு மெசேஜ் போடுங்கோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்கோ, அம்மா சமைப்பா.

அன்புடனும் நன்றியுடனும்,
அப்பாவின் பிள்ளைகள்
வெள்ளவத்தை, கொழும்பு