பாக்குவெட்டி பத்திரமாக இருக்கிறதா?

அன்பு மகள் பூங்கொடிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் தம்பியும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பிக்கும்போது நீ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய். பாதியில் எனக்கும் தொண்டை அடைத்துவிடும்.

தம்பி வீட்டுக்கு வந்து இருபது நாளாகிறது. புனேயில் பார்க்க வேண்டிய இடம் என்று கீழ்வீட்டு மராத்தி அம்மாள் பாஜிராவ் சாலையில் உள்ள ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகத்தைச் சொன்னார். ஏதோ சமஸ்தானத்து ராஜா போலும், சிம்மாசனமும் வாளும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தனியாக ஆட்டோ பிடித்துப் போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது. ராஜா என்பது ஒரு குழந்தையின் பெயர். தினகர் கேள்கர் மூக்குக்கண்ணாடி வியாபாரம் செய்தவர். அஞ்ஞாதவாசி என்ற பெயரில் மராத்தியில் கவிதைகளும் எழுதியிருக்கிறார். அவருடைய ஒரே மகன் ராஜா ஏழு வயதில் இறந்துபோனான். ஊர் ஊராக அலைந்து தாம் சேர்த்த அத்தனைக்கும் அந்தப் பிள்ளையின் பெயரை வைத்துவிட்டார். 1896-இல் பிறந்தவர், 1990 வரை இருந்திருக்கிறார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் எத்தனை வருடம், யோசித்துப் பார். இன்று அது வாசல் பலகையில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் வாய்விட்டுப் படிக்கிறார்கள். நானும் படித்தேன்.

உள்ளே மூன்று மாடி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மராட்டியப் பேஷ்வா பாஜிராவின் மனைவி மஸ்தானிக்குப் புனேயின் கோத்ரூட் பகுதியில் இருந்த மகாலைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி அமைத்திருக்கிறார்கள். மீன் செதிலும் முதலைத் தோலும் வைத்துச் செய்த போர்க்கவசம், தேள் உருவத்தில் பூட்டு, வரிசை வரிசையாக ஹுக்கா, வாத்தியங்கள், வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்த முழு வாசற்கதவுகள். பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சாமான்கள். கூட்டமெல்லாம் மஸ்தானி மகால் பக்கம்தான் நின்றது. எனக்குக் கால் போனது பாத்திரங்கள் இருந்த பக்கம்.

அங்கே வஜ்ரி என்று ஒன்று பார்த்தேன். குளிக்கும்போது குதிகால் தேய்க்கிற சாமான், அவ்வளவுதான். நம் வீட்டில் ஒரு சொரசொரப்பான கல்லோடு முடித்துக்கொள்வோம். இங்கே அதற்கு மேல் ஒரு பறவையை உட்கார வைத்து, சின்னச் சலங்கையும் கோத்திருக்கிறார்கள். குளியலறையில் தனியாக இருக்கும் ஒரு பெண் கால் தேய்க்கும்போது அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று ஒரு கன்னான் மெனக்கெட்டிருக்கிறான்.

அதற்கப்புறம்தான் பாக்குவெட்டிகள். மராத்தியில் அட்கித்தா என்கிறார்கள். மயில், குதிரை, கிளி, கட்டிக்கொண்டு நிற்கிற ஆணும் பெண்ணும் என்று எத்தனை உருவம்! அவற்றுக்கு நடுவே உருவம் எதுவும் இல்லாத ஒன்று இருந்தது. கட்டைவிரல் அழுந்தும் இடம் மட்டும் தேய்ந்து, பித்தளை வெளுத்து, வழவழவென்று பள்ளமாகியிருந்தது. அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். உன் ஆச்சி திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கொட்டைப்பாக்கை இரண்டு விரலால் திருப்பித் திருப்பி நறுக் நறுக்கென்று வெட்டுவாள், பேச்சு ஒரு வார்த்தை தடைபடாது. அந்தச் சத்தம் என் காதில் கேட்டது.

திருநெல்வேலி வீட்டை விற்றபோது நான் செய்தது உனக்கு மறந்திருக்காது. சருவம், அண்டா, தூக்குவாளி, ஆச்சியின் செல்லம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன். நீ வாசலில் நின்று அழுதாய். "இந்தப் பழைய சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று பழையபாத்திரக்காரர் முன்னாலேயே உன்னைத் திட்டினேன். அவர் தராசில் வைத்த பாக்குவெட்டியை நீ எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கேள்கர் 1920 வாக்கில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். 1960-க்குள் பதினைந்தாயிரம் பொருள் சேர்ந்துவிட்டதாம். 1962-இல் அருங்காட்சியகமாக்கி, 1975-இல் மகாராஷ்டிர அரசாங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறார். இப்போது இருபதாயிரத்துக்கு மேல். பார்வைக்கு வைத்திருப்பது 2,500 மட்டும். மனைவி கமலாபாயும் கூடவே உழைத்திருக்கிறார். நான் கிலோக் கணக்கில் தள்ளிவிட்டதைப் போன்ற சாமானைத் தேடி அவர்கள் நாடு முழுக்க அலைந்திருக்கிறார்கள். பூங்கொடி, அன்று நீ செய்ததுதான் சரி. நான் செய்தது தப்பு. பதினோரு வருடம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

அங்கே எனக்கு ஒரே ஒரு குறைதான் பட்டது. எந்த ஊர், எந்த உலோகம் என்று எழுதியிருக்கிறது; எந்த வீட்டுப் பெண் வைத்திருந்தாள் என்று இல்லை. அவர் வாங்கும்போதே அந்தப் பெயர்கள் போயிருக்கும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம்மிடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதற்காவது ஒரு சீட்டு எழுதிக் கட்டி வை. ஆச்சி பெயர் பொன்னம்மாள். கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. வலது கைக்காரிதான், ஆனால் பாக்கு மட்டும் இடது கையால் வெட்டுவாள். இதையும் எழுது.

நீ இருக்கிற ஊர்க் குளிரில் பாக்குவெட்டியின் கீல் இறுகியிருக்கும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று முறை திறந்து மூடு. புளி போட்டுத் தேய்த்துவிடாதே. ஆச்சியின் விரல் பட்ட இடம் அப்படியே இருக்கட்டும். குழந்தை கையில் இப்போது கொடுக்காதே, வாய் கூர்மையாக இருக்கும்.

அன்புடன்,
அம்மா