அக்கோ ஆயரும் டேவிட் ராஜாவும்

அன்புள்ள சேது,

"உயிரோடு இருக்கிறாயா, இல்லை உன் பெயரில் வேறு யாராவது ரேஷன் வாங்குகிறார்களா" என்று நீ கேட்டது நியாயம்தான். இருக்கிறேன். முழங்கால் பழையபடிதான். வீட்டில் எல்லோரும் சுகம். மதினிக்கு சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறதா? கணக்கு சார் போன வாரம்கூடக் கேட்டார், "அந்த மயிலாப்பூர்க்காரன் என் குடையைக் கொண்டுவந்தானா" என்று. நீ செத்தாலும் அந்தக் குடைக்குக் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியிலேயே "சரி சரி, கடைசியில் என்ன ஆச்சு" என்பாய். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சில மாதங்களாக நான் பதிமூன்றாம் நூற்றாண்டு ஆயர் ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறேன். பெயர் ழாக் தெ வித்ரி. பிரான்ஸ் நாட்டுக்காரர், பேர்போன பிரசங்கி. 1187இல் எருசலேம் சலாதீன் கைக்குப் போன பிறகு, சிலுவைப் போர்க்காரர்கள் 1191இல் திரும்பப் பிடித்து வைத்திருந்த பெரிய துறைமுகம் அக்கோ. அந்த ஊருக்கு இவரை 1216இல் ஆயராகப் போட்டார்கள். அங்கிருந்தும், பிறகு எகிப்தில் டமியெட்டா முற்றுகையிலிருந்தும் இவர் எழுதியவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய கடிதங்கள்தான் மிச்சம். போப்புக்கு, பாரிஸ் ஆசிரியர்களுக்கு, ஊரில் விட்டுவந்த கன்னியர் மடத்துக்கு, நண்பர்களுக்கு. திருச்சபைக் கடிதம் என்றதும் நீ கொட்டாவி விடுவாய், தெரியும். இந்த மனுஷன் அந்த ரகமே இல்லை.

பட்டம் வாங்க பெருஜியாவுக்குப் போகிறார். போகிற வழியில் ஒரு வேகமான ஆற்றில் இவருடைய புத்தகப் பெட்டி விழுந்துவிடுகிறது. அது சாத்தானின் வேலையாம்! புத்தகங்கள் கொஞ்சம் நனைந்தன, ஆனாலும் வாசிக்க முடிகிறது என்று நண்பர்களுக்கு ஆறுதல் சொல்கிறார். போய்ச் சேர்ந்தால் மூன்றாம் இன்னொசென்ட் போப் செத்துக் கிடக்கிறார். ஐரோப்பாவின் ராஜாக்களையெல்லாம் ஆட்டிவைத்தவர். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அவர் உடம்பில் இருந்த விலையுயர்ந்த உடைகளைத் திருடிப் போய்விட்டார்கள். கோயிலுக்குள் போய், ஏறக்குறைய அம்மணமாக, நாறிக்கொண்டு கிடந்த அந்த உடலைத் தன் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார். ஒரு ஆயர் இதை மறைக்காமல் எழுதுகிறார், பார்.

அப்புறம் கப்பல் ஏற ஜெனோவாவுக்கு வருகிறார். அந்த ஊர்க்காரர்கள் அப்போது பக்கத்தில் ஒரு கோட்டைமேல் படையெடுக்கிறார்கள். சண்டைக்குப் போகும்போது யாருடைய குதிரை கண்ணில் பட்டாலும் எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். இவர் குதிரைகளும் போயின. ஆண்கள் ஊரில் இல்லை. இவர் சும்மா இருப்பாரா? பெண்களுக்குப் பிரசங்கம் பண்ணினார். பணக்கார வீட்டுப் பெண்கள் பலர் சிலுவை அணிந்து புனிதப் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் என் குதிரைகளைக் கொண்டுபோனார்கள், நான் அவர்கள் மனைவிமாரைச் சிலுவைக்காரர்களாக்கிவிட்டேன் என்று எழுதுகிறார். இதைப் படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. ஏன் என்று விளக்க மாட்டேன், மதினி இந்தக் கடிதத்தைப் படிப்பார்கள்.

கப்பலில் இடம் பிடித்ததையும் விடவில்லை. பகலில் படிக்கவும் சாப்பிடவும் மேல்தளத்தில் ஒரு பங்கு, இரவில் தூங்க ஓர் அறை, துணிமணிக்கும் சாமானுக்கும் ஒன்று, வேலைக்காரர்கள் சமைக்க ஒன்று, குதிரைகளுக்கு ஓர் இடம், கீழே மூன்று மாதத்துக்கு ரொட்டியும் இறைச்சியும். கடல் கொந்தளிப்பாக இருந்தும் நவம்பரில் அக்கோ போய்ச் சேர்ந்தார்.

அங்கேதான் கடிதத்தின் சுருதி மாறுகிறது. அக்கோவை ஒன்பது தலை அரக்கன் என்கிறார். வெனிஸ்காரர், ஜெனோவாக்காரர், பீசாக்காரர் என்று ஒவ்வொரு கூட்டமும் தனித்தனிப் பகுதி, தனித்தனி அதிகாரம். ஆயர் பேச்சை யாரும் கேட்பதில்லை. கிழக்குச் சபைக் கிறிஸ்தவர்களுக்கு அரபி மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பிரசங்கம் பண்ணுகிறார். சொந்த ஊரில் குற்றம் செய்துவிட்டு ஓடிவந்தவர்கள் நிறைய. வேசிகளுக்கு வீடு வாடகைக்கு விட்டவர்களில் குருக்களும் துறவிகளும்கூட இருந்தார்களாம். காலையில் பூசை, மத்தியானம்வரை பாவசங்கீர்த்தனம், பிறகு நோயாளிகளைப் பார்ப்பது, பிறகு அநாதைகளும் விதவைகளும் கொண்டுவரும் வழக்குகள். வந்ததிலிருந்து பசியே இல்லை, வாசிக்க ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை என்று புலம்புகிறார். நனைந்த புத்தகங்களை அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்தது எதற்கு?

1218இல் போர் எகிப்துக்குப் போனது. டமியெட்டா முற்றுகைக்கு இவரும் போனார். அங்கே ஒரு நாள் அசிசி பிரான்சிஸ் வந்து சேர்கிறார். ஆமாம், அந்தப் புனித பிரான்சிஸேதான். எதிரி முகாமுக்கு நேராக நடந்துபோய் எகிப்து சுல்தான் அல் காமிலிடம் நற்செய்தி சொல்லிவிட்டுத் திரும்பினார் என்று வியக்கிறார். அடுத்த வரியிலேயே புகார்: என் குருக்களும் கூட்டாளிகளும் ஒவ்வொருவராக அவர் சபையில் சேர்ந்துவிட்டார்கள், பாடகரையும் ஹென்றியையும் இன்னும் சிலரையும் பிடித்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருக்கிறது! நம் பழைய பிரின்சிபால் கேட்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

இதுவரை சிரித்தாய் அல்லவா? நானும் சிரித்துக்கொண்டுதான் வந்தேன். 1219 நவம்பரில் டமியெட்டா விழுந்தது. உள்ளே போனவர்கள் கண்டது பட்டினியிலும் கொள்ளைநோயிலும் செத்துக் கிடந்த ஊரை. உயிரோடு இருந்த சின்னக் குழந்தைகளை இவர் தன் செலவில் வாங்கி, ஞானஸ்நானம் கொடுத்தார். அதில் ஐந்நூறுக்கு மேல் உடனே இறந்துபோனார்கள். கர்த்தரிடம் போய்விட்டார்கள் என்று நிம்மதியோடு எழுதுகிறார். மிச்சம் இருந்தவர்களில் சிலரை வளர்க்கச் சொல்லித் தன் நண்பர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் அம்மாக்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் நான் புத்தகத்தைத் தொடவில்லை. கெட்டவன் என்று ஒதுக்கிவிட்டால் எனக்கு எளிது. அப்படி ஒதுக்கவும் முடியவில்லை, சேது.

சரி, இப்போதுதான் நான் சொல்ல வந்த இடம். இதில் உன் மயிலாப்பூரும் வருகிறது.

1221 ஏப்ரலில் இதே ஆயர் போப்புக்கும் ஆஸ்திரிய டியூக்குக்கும் பாரிஸ் ஆசிரியர்களுக்கும் ஒரு செய்தி அனுப்புகிறார். இந்தியாவின் கிறிஸ்தவ ராஜா ஒருவர், பெயர் டேவிட், பெரும்படையோடு பாரசீகத்தை அடித்து நொறுக்கிக்கொண்டு மேற்கே வருகிறார், எருசலேமை மீட்கப்போகிறார் என்று. கிழக்கிலிருந்து வந்த வியாபாரிகள் சொன்னது, அரபியில் இருந்து லத்தீனுக்கு மொழிபெயர்த்தது, எல்லாம் பக்காவாக இருக்கிறது. வந்துகொண்டிருந்தது யார் தெரியுமா? செங்கிஸ்கான். புகாராவும் சமர்கந்தும் அப்போதே சாம்பலாகியிருந்தன.

அக்கோவில் எந்தத் தெருவில் எவன் வீடு வாடகைக்கு விட்டான் என்றுகூடத் தெரிந்துவைத்திருந்த ஆள் இதை எப்படி நம்பினார்? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. பின்னோக்கித் தேடினால், இந்த ராஜா வெகுகாலமாக வந்துகொண்டே இருக்கிறார்! 1144 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சிலுவைக்காரர்களின் எடெஸ்ஸா நகரம் முஸ்லிம்கள் கைக்குப் போனது. உதவி கேட்டு சிரியாவிலிருந்து ஜபலா ஆயர் ஹியூ போப்பிடம் போனார். அடுத்த வருஷம் நவம்பரில் வித்தெர்போவில் அவரைச் சந்தித்தவர் ஃபிரெய்ஸிங் ஆயர் ஓட்டோ. தூர கிழக்கில் யோவான் என்ற குருவும் ராஜாவுமான ஒருவர் பாரசீகரைத் தோற்கடித்தார், எருசலேமுக்கு உதவ வந்தார், டைக்ரிஸ் ஆற்றைக் கடக்க முடியாமல் திரும்பிவிட்டார் என்று ஹியூ சொன்னதை ஓட்டோ எழுதிவைத்தார். 1165 வாக்கில் அந்த யோவான் பெயரிலேயே பைசாந்திய மன்னர் மானுவேலுக்கு ஒரு கடிதம் கிளம்பியது. சுத்தப் போலி. அதில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது என்ன தெரியுமா? அப்போஸ்தலர் தோமாவின் உடல் கிடக்கும் கடைசி இந்தியாவரை தன் ராஜ்ஜியமாம்! தோமாவின் கல்லறை என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் சாந்தோம், உன் காலை நடைக்கு எட்டும் தூரம். அந்த ராஜா உங்கள் ஏரியாக்காரர். கவுன்சிலரிடம் விசாரித்துப் பார்.

இதற்கு மேல் ஒன்று. மூன்றாம் அலெக்சாண்டர் போப் 1177 செப்டம்பரில் அந்த ராஜாவுக்குப் பதில் கடிதமே எழுதினார். தன் வைத்தியர் பிலிப்பிடம் கொடுத்து அனுப்பினார். பிலிப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி வரலாற்றில் சத்தமே இல்லை. இல்லாத ராஜாவின் முகவரியைத் தேடி அந்த மனுஷர் எந்தெந்த ஊரில் வழி கேட்டாரோ!

ஒருபக்கம் நிஜக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. 1187இல் சலாதீனிடம் தோற்ற ஹத்தீன் போருக்குப் பிறகு, போர்த்துறவிகளான டெம்ப்ளர் சபையின் தெர்ரிக் எழுதியது இருக்கிறது. அந்த ஒரு நாளில் நம் சகோதரர்கள் 230 பேர் தலை வெட்டப்பட்டார்கள், மே முதல் தேதி 60 பேர் கொல்லப்பட்டார்கள். அலங்காரம் ஒன்றும் இல்லை, ஆள் கணக்கு மட்டும்தான். பதிலுக்கு எட்டாம் கிரகோரி போப் அக்டோபர் 29இல் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். எருசலேம் அதற்குள் சரணடைந்து நாலு வாரம் ஆகிவிட்டது, அந்த அழைப்பில் அது இல்லை. சேதி கடல் கடந்து வந்தால்தானே எழுதுவார்? குளிர்காலத்தில் கப்பலும் ஓடாது. உதவி கேட்டு எழுதியவன் அடுத்த வசந்தம்வரை கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்திருப்பவன் காதில் டேவிட் ராஜா என்று ஒருவன் வந்து சொன்னால் நம்பத்தான் தோன்றும் என்று நினைக்கிறேன்.

"பாவம், நம்பிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்" என்பாய். நஷ்டம் இருந்தது. டமியெட்டாவை விட்டுப் போனால் எருசலேமைத் தருகிறேன் என்று அல் காமில் ஒருமுறைக்கு மேல் கேட்டான். போப்பின் தூதர் பெலாஜியஸ் மாட்டேன் என்றார். டெம்ப்ளர்களும், அவர்களைப் போலவே இன்னொரு போர்த்துறவி சபையான ஹாஸ்பிட்டலர்களும் சேர்ந்து மறுத்தார்கள். யோர்தானுக்குக் கிழக்கே உள்ள கோட்டைகள் இல்லாமல் எருசலேமைக் காப்பாற்ற முடியாது என்ற அவர்கள் கணக்கில் அர்த்தம் இருந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெலாஜியஸ் பக்கத்தில் டேவிட் கதையும் இருந்தது, வெற்றி நிச்சயம் என்ற தீர்க்கதரிசனப் புத்தகமும் இருந்தது. 1221 ஜூலையில் படை கெய்ரோவை நோக்கிக் கிளம்பியது. நைல் பெருகும் மாதம், சேது! தாமிரபரணிக் கரையில் வளர்ந்த பையனைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பான். சுல்தான் ஆட்கள் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். டெம்ப்ளர் தலைவர் பீட்டர் தெ மொந்தெகு இங்கிலாந்தில் இருந்த தன் சபைக்காரருக்கு எழுதினார்: உணவும் கழுதைகளும் வண்டிகளும் சேற்றில் போயின, முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை, வலையில் சிக்கிய மீனானோம். செப்டம்பரில் டமியெட்டாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

டேவிட் வரவே இல்லையா என்றால், நாற்பது வருஷம் கழித்து வந்தார். 1260இல் மங்கோலியர் அலெப்போவைப் பிடித்துக் கடற்கரைவரை வந்துவிட்டார்கள். டெம்ப்ளர் தலைவர் தாமஸ் பெரார்ட் அக்கோவிலிருந்து மேற்கே கதறி எழுதுகிறார், இவர்களிடமிருந்து காப்பாற்ற ஆள் அனுப்புங்கள் என்று. அந்தப் படையின் தளபதி கித்புகா, கிழக்குச் சபைகளில் ஒன்றான நெஸ்தோரியப் பிரிவுக் கிறிஸ்தவர். கிழக்கிலிருந்து வந்த கிறிஸ்தவத் தளபதி செய்த காரியம், சிலுவைக்காரர்களின் சீதோனைச் சூறையாடியது. முதலில் வம்புக்குப் போனது சீதோன் பிரபுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ழாக் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1220களின் முடிவில் ஆயர் பதவியை விட்டுவிட்டு ஊர் திரும்பி, கர்தினாலாகி, 1240இல் ரோமில் இறந்தார். டேவிட் ராஜா பற்றி அவர் பிறகு யாரிடமாவது வாய் திறந்தாரா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அகப்படவில்லை.

லத்தீன் தெரிந்த ஒரு பாதிரியார் உன் வீட்டுப் பக்கம் இருக்கிறார் என்றாயே, அவரிடம் என்னைக் கோத்துவிடு. இரண்டு வரியில் சந்தேகம் இருக்கிறது, ஆங்கில மொழிபெயர்ப்பு ஆளுக்கொரு விதமாகப் போகிறது. தை மாதம் வருவதானால் நெல்லை எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போடு, போன தடவை மாதிரி கடைசி நேரத்தில் வெயிட்டிங் லிஸ்ட் என்று கதை விடாதே. மதினியையும் கூட்டி வா.

அன்புடன்,
முத்து