காமிக்ஸ் வாசகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தீர்மானங்கள் மினிட் புத்தகத்தில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக ரசிகர் மாநாட்டுக்கு வந்துவிடுகிறேன். போன பொதுக்குழுவில் வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றியவை. திட்டு முழுவதுமே அதைப் பற்றியதுதான்.

போன வருஷம் நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தொடக்க விழா நேரம் அழைப்பிதழில் 10 மணி, பேனரில் 9.30, வாட்ஸ்அப்பில் 10.30. சிறப்பு விருந்தினர் பேனரை நம்பி வந்தார். மண்டபத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவும் மைக் செட் பையனும் மட்டும்தான் அவரை வரவேற்றார்கள். விழா தொடங்கிய பிறகும் பொறுப்பாளர்கள் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி மாதிரிதான் இருந்தார்கள்: ஆள் எங்கே என்று தெரியாது, மைக்கைப் பிடித்த கை மட்டும் தெரியும்.

அதைவிடப் பெரிய தவறு என்னுடையது. பழைய இதழ்களை மாற்றிக்கொள்ளும் நிகழ்ச்சியைக் கீழ் ஹாலிலிருந்து மாடிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றினேன். அப்போது நமக்கு மூன்று வாட்ஸ்அப் குழுக்கள். நான் போட்டது ஒன்றில். தென்காசியிலிருந்து ஒரு பெரியவர் 1970களின் முத்து காமிக்ஸ் இதழ்களைப் பிளாஸ்டிக் உறை போட்டு, டிரங்குப் பெட்டியில் அடுக்கி, பஸ் மாறி மாறிக் கொண்டுவந்திருந்தார். மதியம் 1 மணி வரை கீழே பெட்டியின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "மேல நடக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அதற்குள் மாடியில் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

நமக்கு ஆள் பற்றாக்குறை இல்லை, பணமும் ஓரளவு இருந்தது. எதையும் மாற்றினால் யார் சொல்வது, எங்கே சொல்வது என்பதை மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை. இந்த வருஷம் முதலில் அதைத்தான் முடிவு செய்தோம்.

மூன்று குழுக்களையும் மூடி ஒன்றாக்கினோம். அதில் இரண்டு பேர் மட்டுமே பதிவு போடலாம். காலை வணக்கப் படங்கள் நின்றதில் சிலருக்கு வருத்தம். வாட்ஸ்அப் இல்லாதவர்களின் எண்களை ஒரு தாளில் எழுதி, இணைச் செயலாளர் போன் போட்டுச் சொன்னார். மண்டப வாசலில் ஒரு கரும்பலகை. நிகழ்ச்சியில் எது மாறினாலும் முதலில் அதில் ஏற வேண்டும், எழுதிய நேரத்தோடும் எழுதியவர் பெயரோடும். அப்புறம்தான் மைக், வாட்ஸ்அப் எல்லாம். பலகையில் இல்லாததை யார் சொன்னாலும் வதந்தி என்று எடுத்துக்கொள்ளச் சொன்னோம். தலைவருக்கும் இதே விதிதான்.

தொண்டர்களுக்குத் துண்டு கொடுக்கலாம் என்றதும் நிறப் பிரச்சினை கிளம்பியது. எந்த நிறத்தைச் சொன்னாலும் ஏதாவது ஒரு கட்சி ஞாபகத்துக்கு வந்தது. ஒரு செயற்குழுக் கூட்டமே அதில் போய், கடைசியில் ஊதாவில் நின்றது. துண்டு போட்டவர் "தெரியாது" என்று சொல்லக் கூடாது, "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிக் கேட்டும் சொல்ல வேண்டும். துண்டைவிட இது அதிகம் உதவியது.

கையெழுத்து வாங்கும் வரிசைக்கு டோக்கியோவின் காமிக்கெட்டைப் பார்த்து ஒரு வழி எடுத்தோம். 1975 டிசம்பரில் சுமார் 700 பேரோடு தொடங்கிய அந்த ரசிகர் சந்தைக்கு இன்று லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். நடத்துவது இன்னமும் தொண்டர்கள்தான். அங்கே வரிசையின் கடைசி ஆள் 'வரிசை இங்கே முடிகிறது' என்ற பலகையைப் பிடித்திருப்பார். அடுத்து வருபவர் அதை வாங்கிக்கொள்வார். நாங்கள் ஒரு அட்டையில் எழுதி ஒட்டடைக் கம்பில் கட்டினோம். 'வரிசை எங்கே சார்?' என்ற கேள்வியே எழவில்லை. ஒரே ஒரு சிக்கல்: பலகை கைக்கு வந்த ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு அதைக் கொடுக்க மனசு வரவில்லை. பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னே அனுப்பிவிட்டு, கடைசி ஆளாகவே கையெழுத்து வாங்கினான்.

மாநாட்டுக்கு முந்தின நாள் இரவு, வருவதாக இருந்த ஓவியர்களில் ஒருவர் உடல்நிலை காரணமாக வர இயலாது என்று தெரிவித்தார். மதியம் வரை சொல்ல வேண்டாம், கூட்டம் கலைந்துவிடும் என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது. 2014 ஜூலையில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த டேஷ்கான் என்ற ரசிகர் மாநாட்டை நான் சொன்னேன். முதல் நாள் மாலையில் அதன் அமைப்பாளர்கள், ஓட்டலுக்கு உடனே 17,000 டாலர் கட்ட வேண்டும் என்று வந்திருந்த ரசிகர்களிடமே கையேந்தினார்கள். முக்கிய விருந்தினர்கள் சிலர் நிகழ்ச்சி நடத்தாமலே கிளம்பினார்கள். ஏமாந்தவர்களுக்கு ஈடாகக் கிடைத்ததில் ஒன்று, குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் பந்துத் தொட்டியில் கூடுதலாக ஒரு மணி நேரம்! சரி, நாம் காலையிலேயே சொல்லிவிடுவோம் என்று முடிவானது. 'ஓவியர் வரவில்லை, கட்டணம் திரும்ப வேண்டுவோர் கேட்கலாம்' என்று டிக்கெட் மேசைக்கு முன்னால் எழுதி வைத்தோம். இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். அவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

சரியாக வராதவையும் உண்டு. காமிக்ஸ் நாயகர்களில் பெரியவர் மாயாவியா, ஸ்பைடரா என்ற விவாதம் மணி அடித்தும் நிற்காமல் அடுத்த நிகழ்ச்சியை முழுங்கிவிட்டது. பெண்கள் கழிப்பறைக்கு வழி காட்டும் அட்டை வைக்க மறந்தோம். ஊதாத் துண்டுகளில் முக்கால்வாசியும் ஆண்கள் தோளில் இருந்ததன் விளைவு இது. மாடியில் லிஃப்ட் இல்லை, முட்டி வலிக்காரர்கள் சிரமப்பட்டார்கள். வெளிநாட்டு ரசிகர் மாநாடுகளில் '5-2-1' என்று ஒரு விதி சொல்வார்கள்: ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். குளியலை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பாட்டில்தான் கோட்டைவிட்டோம்: தொண்டர்கள் கைகழுவி வரும்போது சாம்பார் சாதம் தீர்ந்திருந்தது. அடுத்த முறை அவர்களுக்கு முதல் பந்தி, மண்டபம் தரைத்தளம், விவாதத்துக்குத் தனி ஹால். மூன்றுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

தென்காசிப் பெரியவருக்கு இந்த வருஷம் இரண்டு முறை போன் செய்தோம். வந்தார். வாசலில் நின்று பலகையை முழுக்கப் படித்துவிட்டு மாடி ஏறினார். பெட்டியை இரண்டு தொண்டர்கள் தூக்கினார்கள்.

மண்டபத்தில் விட்டுப்போனவை என் வீட்டில் இருக்கின்றன: ஒரு குடை, ஒரு மூக்குக் கண்ணாடி, பழைய லயன் காமிக்ஸ் இதழ்கள் உள்ள ஒரு துணிப்பை. பையில் முதலில் இருக்கும் இதழின் அட்டையில் என்ன படம் என்று சரியாகச் சொல்பவர் பையை வாங்கிக்கொள்ளலாம். இதுவரை நான்கு பேர் முயன்றிருக்கிறார்கள்.